கன்னேரிமுக்கு பங்களாவைத் தாங்கி நிற்பது எது?

வேலூர் பக்கமிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்குக் கோத்தகிரியைச் சுற்றிக் காட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. அகழி சூழ்ந்த கோட்டையைத் தினமும் பஸ்ஸில் கடந்து போய் வளர்ந்தவர்கள் அவர்கள். "மலையில கோட்டை கீட்டை எதுவும் இல்லியாப்பா?" என்று கேட்பார்கள். கன்னேரிமுக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால், "இதா? வீடு மாதிரி இருக்கே" என்பார்கள். வீடேதான். இருநூறு வருடப் பழைய வீடு, பாழாகிக் கிடந்து, பிறகு அருங்காட்சியகமும் ஆவண மையமுமாக ஆனது. அகழிக் கோட்டையைக் காப்பாற்றுவதைவிட இந்த மாதிரி வீட்டைக் காப்பாற்றுவது கஷ்டம் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் அகழி

அரணை நீர், நிலம், மலை, காடு என்று நான்காகப் பிரித்தது பழைய தமிழ் வழக்கம். வேலூர் நீரரண். 16-ம் நூற்றாண்டில் விஜயநகரக் காலத்தில் எழுந்த கருங்கல் கோட்டை, சுமார் 133 ஏக்கர், அகழிக்குச் சூரியகுண்டம் ஏரியிலிருந்து பூமிக்கடியில் கால்வாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அகழி இருந்தால் எதிரி நீந்தவேண்டும் என்பது மட்டுமில்லை, சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைக்க முடியாது, ஏணி சாத்த இடம் கிடைக்காது, யானையை ஓட்டிவந்து கதவை முட்ட முடியாது. இவ்வளவும் செய்துவைத்த கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சண்டை உள்ளேயிருந்துதான் வெடித்தது. சிப்பாய்களே உள்ளே இருக்கும்போது அகழி யாரைத் தடுக்கும்?

அந்தக் கோட்டையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உள்ளே இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சில நூற்றாண்டுகள் மூலவர் கிடையாது, ஆயுதக் கிடங்காகக்கூடப் பயன்பட்டது. 1981-ல் ஊர்க்காரர்கள் சேர்ந்து, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், இப்படிச் செய்யலாமா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்றைக்குச் சாயந்திரம் போனால் கோயிலில் கூட்டம் இருக்கிறது, அரசு அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், அகழிக் கரையில் நடைப்பயிற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கல் பெயர்ந்து விழுந்தால் அன்றைக்கே நாலு பேர் பார்த்துவிடுவார்கள்.

இப்போது மலைக்கு வருவோம். நீலகிரியில் மூன்று பழைய கோட்டைகளை மாவட்டக் குறிப்புகள் சொல்கின்றன: உலிக்கல் துர்க்கம், மலைக்கோட்டை, உடையராயக் கோட்டை. குன்னூரிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வழியாக நடந்து ஏறுகிற பக்காசூரன் மலைதான் உலிக்கல் துர்க்கம். திப்பு சுல்தானின் காவல் நிலையாக இருந்தது. மலையரணுக்கு அகழி எதற்கு, செங்குத்தாக இறங்குகிற பாறையே போதும். ஆனால் அங்கே இப்போது மிஞ்சியிருப்பது துண்டுச் சுவர்கள்தான், போகிறவர்கள் காட்சியைப் பார்க்கப் போகிறார்களே தவிரக் கோட்டையைப் பார்க்க இல்லை.

1799-ல் திப்பு இறந்த பிறகு இந்த மலை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது, அவருடைய குடும்பத்தை வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருடைய லால் பாக் அரண்மனையைப் பிரித்த மரம் எங்கே போனது தெரியுமா? ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக் கூரைக்கு. 1829-ல் அடிக்கல் போட்டுக் கட்டிய தேவாலயம் அது, இன்றும் வழிபாடு நடக்கிறது, நிமிர்ந்து பார்த்தால் அந்த உத்தரங்கள் தெரியும். திப்புவின் காவல் நிலை இடிந்து போனது, அவருடைய வீட்டு மரம் நிற்கிறது. வித்தியாசம் கல்லா மரமா என்பதில் இல்லை. ஒன்றில் ஆள் இல்லை, இன்னொன்றில் ஞாயிறுதோறும் ஆள் இருக்கிறது.

கன்னேரிமுக்கு

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலை ஏறினார். அதற்கு முந்தின வருடமே அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இரண்டு பேரும் வந்து பார்த்துவிட்டு, கீழே வெயிலில் வெந்துகொண்டிருந்தவர்களிடம் இந்தக் குளிரைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். சல்லிவன் தங்கியது ஊட்டியில் அல்ல, இங்கே கோத்தகிரிக்குப் பக்கத்துத் திம்பட்டிப் பள்ளத்தாக்கில். அங்கே கன்னேரிமுக்கில் எழுந்ததுதான் பெத்தக்கல் பங்களா, மலையில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு என்று சொல்லப்படுவது. சிறுமுகையிலிருந்து மேலே வருகிற பாதையும் அவர் போட வைத்ததுதான், அது 1823-ல் முடிந்தது. ஊட்டிக்கு ரயில் வருவதற்கெல்லாம் வெகு முன்னால் மலைக்கு வாசல் கோத்தகிரிதான் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் அழுத்தியே சொல்வோம்.

அப்புறம் அவர் ஊட்டிக்கு நகர்ந்துவிட்டார். 1822-ல் அங்கே கல் பங்களா வேலையைத் தொடங்கினார், ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கும் இன்று நாம் இங்கிலீஷ் காய்கறி என்கிற வகையறாவும் பரவ வழி செய்தார். கோத்தகிரி வீடு பின்தங்கிப் போனது. கை மாறி, கவனிப்பார் இல்லாமல், கூரை இறங்கி, கடைசியில் மாடு கட்டுகிற நிலைக்கு வந்தது. இதை ஊர்க்காரர்கள் மேல் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. யாரோ விட்டுப்போன வீடு, பக்கத்தில் மழைக்கு ஒதுங்க இடம் தேடுகிற மாடு, இதில் என்ன குற்றம்? மாடு கட்டினதால்தான் அந்த இடத்துக்கு ஆள் போக்குவரத்தாவது இருந்தது என்றுகூட எனக்குத் தோன்றும்.

2000-களின் தொடக்கத்தில், சுப்ரியா சாகு நீலகிரி ஆட்சியராக இருந்தபோது, மாவட்ட நிர்வாகம் அதை மீட்டுப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தது. சிவப்பு நிறத்தில், கீழும் மேலுமாக இரண்டு தளம், மலைச் சரிவில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிற கட்டடம். உள்ளே நீலகிரி ஆவண மையம் இயங்குகிறது. பழைய புகைப்படங்கள், சல்லிவன் காலத்துத் தகவல்கள், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் பற்றிய படங்களும் குறிப்புகளும் என்று போகிறது காட்சி.

சல்லிவனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. மலையைக் "கண்டுபிடித்தவர்" என்று எழுதுவதை யாராவது நிறுத்தினால் தேவலை, அவர் ஏறி வந்தபோது திம்பட்டியில் ஹட்டி, அதாவது படகர் ஊர், இருந்தது, ஹட்டியில் மனிதர்கள் இருந்தார்கள். அதே சமயம் அவரை வெறும் வெள்ளைக்காரத் துரையாக ஒதுக்கவும் முடியாது. நிலம் தோடர்களுடையது, எடுத்துக்கொண்டால் இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று கம்பெனி நிர்வாகத்தோடு வாதாடியவர் அவர்தான். அவரே இங்கே பெரிய நிலச் சொந்தக்காரராகவும் ஆனார் என்பதும் அதே ஆவணங்களில்தான் இருக்கிறது. அவர் மனைவியும் மகளும் 1838-ல் இறந்து ஊட்டி செயின்ட் ஸ்டீபன் கல்லறையில் இருக்கிறார்கள். ஊருக்குள் இருக்கிற ஒரு கலாச்சார மையம் இதையெல்லாம் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும், சிலை வைப்பது அதைவிட எளிது.

சுண்ணாம்பு, சிமெண்ட், டெண்டர்

பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பது என்றால் பலர் மனதில் வருவது பெயிண்ட். மலையில் பிரச்சினை தண்ணீர். கோத்தகிரி நீலகிரியின் கிழக்குப் பக்கம், இங்கே ஆட்டம் போடுவது வடகிழக்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2009 நவம்பரில் என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள், ஒரே நாளில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் கொட்டியது, மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

மழை கூரை வழியாக மட்டும் வருவதில்லை. சரிவை வெட்டித்தான் இங்கே வீடு கட்டுகிறோம், அதனால் பின்சுவர் எப்போதும் மேட்டை ஒட்டியே இருக்கும். மேட்டில் இறங்குகிற நீர் மண்ணுக்குள்ளேயே வந்து அந்தச் சுவரின் அடியில் முட்டும். பழைய பங்களாக்களில் வீட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு வடிகால் ஓடும், கல் பதித்து, ஒரு பக்கமாகச் சரித்து. மலை வீட்டுக்கு அகழி என்றால் அதுதான். வேலூர்க்காரர்கள் தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், நாங்கள் வந்த தண்ணீரை ஒரு நிமிஷம்கூட நிற்கவிடாமல் அனுப்பவேண்டும். அந்த வடிகாலில் சருகு அடைத்தால் ஒரே மழைக்காலம் போதும், உள்ளே தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவரில் ஓதம், அதாவது ஈரம், ஏறிவிடும்.

இரண்டாவது, சுவர். அந்தக் காலத்துச் சுவர் கல்லோ செங்கல்லோ, கட்டியது மண்ணும் சுண்ணாம்பும் வைத்து. அது ஈரத்தை வாங்கும், வெயில் அடித்தால் விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் வாங்கிய ஈரம் வெளியே வர வழியில்லை, உள்ளேயே தங்கி, செங்கல்லில் உப்புப் பூத்து, பொடிப்பொடியாக உதிரும். வெளியே பார்க்கச் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும், தட்டினால் டொக் டொக்கென்று வெறும் ஓசை. பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்திலேயே ஒரு பங்களாவில் அப்படித்தான் நடந்தது, பளபளவென்று பூசி முடித்துப் படம் எடுத்துப் போட்டார்கள், அடுத்தடுத்த மழையில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது.

இதைப் பற்றி அரவேனு பக்கத்து வயதான கொத்தனார் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "ஏண்ணா, சுண்ணாம்புலயே பூசியிருக்கலாமே?" என்றேன்.

"பூசலாந்தாங்க தம்பி. சுண்ணாம்பு ஆறணும்ல? கடுக்கா ஊறவெச்சு, வெல்லம் போட்டு, அரைச்சு வெக்கறதுக்கே நாள் ஆகும். பூசுனதுக்கப்புறம் தெனம் தண்ணி தெளிச்சுப் பாத்துக்கணும். தை மாசம் ஆரம்பிச்சா சித்திரைக்குள்ள முடிக்கலாம். இவங்க ஆடியில வந்து ஆரம்பிங்கறாங்க."

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெதுவாக இறுகுகிறது, குளிரும் மூடுபனியும் இருக்கிற இடத்தில் இன்னும் மெதுவாக. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் இங்கே அதற்குத் தோதான காலம். அரசு வேலை என்றால் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, ஏப்ரலில் புதிய ஒதுக்கீடு, மதிப்பீடு, டெண்டர், வேலை உத்தரவு என்று கைக்கு வரும்போது மழை தொடங்கியிருக்கும். மழையில் சுண்ணாம்பு வேலை ஆகாது, மார்ச்சுக்குள் கணக்கை முடிக்கவேண்டும், எனவே சிமெண்ட். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, காலண்டர் அப்படி. இரண்டு நிதியாண்டுக்கும் சேர்த்து வேலையைத் திட்டமிட்டால் ஒழிய இது மாறாது என்று நினைக்கிறேன்.

மேலே இரண்டு கட்டடங்கள்

ஒப்பிட ஊட்டிக்குப் போனால் போதும். சல்லிவனின் கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது, முதல்வர் அறை அங்கேதான். மாணவர்கள் சான்றிதழில் கையெழுத்து வாங்க ஏறி இறங்குகிற கட்டடம் அது, அருங்காட்சியகம் என்ற பலகை எதுவும் தேவைப்படவில்லை. ஜன்னல் உடைந்தால் மறுநாளே யாருக்காவது குளிரும், யாராவது புகார் சொல்வார்கள்.

நீலகிரி நூலகம் இன்னொரு மாதிரி. 1860-களில் ராபர்ட் சிசோம் வடிவமைத்தது, உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்துவது. உயர்ந்த ஜன்னல், மர அலமாரி, படிக்க வருகிற சில பேர். கூட்டம் குறைவுதான், ஆனால் வருகிறவர்கள் வருடம் முழுக்க வருகிறார்கள்.

காசு வருகிற மாதம், கண் வேண்டிய மாதம்

கன்னேரிமுக்கு விஷயத்தில் என் கவலை இதுதான். மலைக்கு ஜனம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, இ-பாஸ் வந்த பிறகும் மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி வரிசைதான். அந்த நேரத்தில் கட்டடம் நன்றாகக் காய்ந்து நிற்கும், எந்தக் குறையும் தெரியாது. வடிகால் அடைப்பதும், ஓடு நகர்வதும், பழைய புகைப்படச் சட்டத்துக்குள் பூஞ்சை ஏறுவதும் நவம்பரில். நவம்பரில் யார் வருவார்கள்? சாயந்திரம் நாலு மணிக்கே பனி இறங்கிவிடும், டூரிஸ்ட் வண்டி ஒன்றுகூடத் தென்படாது. நுழைவுக் கட்டணத்தை நம்பி ஒரு பழைய கட்டடத்தை நடத்துவது என்றால், அதற்கு ஆள் தேவைப்படாத மாதத்தில் காசும், ஆள் தேவைப்படுகிற மாதத்தில் வெறும் அறையும்தான் கிடைக்கும்.

வேலூரில் இந்தச் சிக்கல் இல்லை. கோட்டை ஊருக்கு நடுவில் இருக்கிறது, சாமி கும்பிட வருகிறவர் மழையென்று நிற்பதில்லை. கருங்கல் கோட்டையைப் பத்து வருடம் பார்க்காமல் விட்டாலும் நின்றுவிடும். மரமும் ஓடும் மண்ணும் சேர்ந்த இரண்டு தள வீடு இரண்டு மழைக்குமேல் பொறுக்காது. வீட்டைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான்.

அப்படியென்றால் டூரிஸ்ட்டை விட்டுவிட்டு ஊரை உள்ளே கொண்டுவரவேண்டும். இது ஏதோ பெரிய திட்டம் இல்லை. டிசம்பர், ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்காக வெளியூர்ப் படகர்கள் எல்லோரும் கோத்தகிரிப் பக்கத்துப் பேரகணிக்கு வருகிறார்கள், பெங்களூரிலும் கோவையிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஹட்டியில் இருக்கிற ஒரே காலம் அது. பெட்டிக்குள் கிடக்கிற தாத்தா, பாட்டி படங்களைக் கொண்டுவரச் சொல்லி, ஸ்கேன் செய்து, யார் எவர் என்று எழுதி வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல சமயம் இருக்கிறதா? ஆவண மையம் என்று பெயர் வைத்திருக்கும்போது ஆவணம் வீடுகளில்தானே இருக்கிறது. கோத்தர் வீட்டுப் பெண்கள் பானை வனைவதை வாரத்தில் ஒரு நாள் வாசலில் செய்து காட்டலாம், அதற்குக் கூலி கொடுக்கவேண்டும், "வாய்ப்பு" கொடுத்தோம் என்று அனுப்பிவிடக் கூடாது. பக்கத்துப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அக்டோபர் மழை ஆரம்பித்ததும் கூட்டிவந்து ஓதம் எங்கே ஏறியிருக்கிறது என்று சுவரில் சாக்பீஸால் குறிக்கச் சொல்லலாம், அறிவியல் பாடமும் ஆச்சு, கட்டடத்துக்குக் கண்காணிப்பும் ஆச்சு.

என் நண்பர் ஒருவர், இவர் ஊட்டியில் விடுதி நடத்துகிறவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பேசாம உணவகம் வெச்சு விடுங்க, அது பாட்டுக்குப் பராமரிப்பு நடக்கும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, மலையில் பல பழைய மாளிகைகள் ஓட்டலாக மாறித்தான் பிழைத்திருக்கின்றன. ஆனால் ஓட்டலுக்குக் குளியலறை வேண்டும், ஒவ்வொரு அறைக்கும் குழாய் வேண்டும், சமையல்கட்டுப் புகை வேண்டும். இவ்வளவு சின்ன வீட்டில் அதைச் செய்தால் மிஞ்சுவது முகப்பு மட்டும்தான். தவிர, ஹட்டிக்காரர் ஒரு டீக்கு ஓட்டல் விலை கொடுத்து உள்ளே வரமாட்டார்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கன்னேரிமுக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோவில் போகலாம், இறக்கம் என்பதால் நடந்தும் போகலாம், திரும்பும்போது மூச்சு வாங்கும். பெரியவர்களைக் கூட்டிப்போனால் மேல் தளத்துப் படியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொடநாடு காட்சிமுனைக்குப் போகிற வழியில் ஐந்து நிமிஷம் எட்டிப் பார்ப்பது என்று திட்டம் போடாதீர்கள், படங்களுக்குக் கீழே எழுதியிருப்பதைப் படிக்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும். ஒரே நாளில் ஊட்டிக்கும் போகிறவர்கள் செயின்ட் ஸ்டீபனில் உத்தரங்களையும், பின்னால் மேட்டில் இருக்கிற கல்லறைகளையும் பார்த்துவிட்டு வந்தால், கன்னேரிமுக்கில் படித்தது முழுமையாகும். கல் பங்களா கல்லூரி வளாகம், வேலை நாளில் அனுமதி கேட்டுத்தான் போகவேண்டும்.

முடிந்தால் மே மாதத்தைத் தவிர்த்துவிட்டு மழைக்காலத்தில் வாருங்கள். குடையோடு கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் ஒரு நடை போய், மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் உள்ளே இருக்கிறவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள், பார்வையாளர் புத்தகத்தில் "அருமை" என்று எழுதுவதைவிட அதற்கு உபயோகம் அதிகம்.